செபானின் மகன் நெஷ்தே

பெர்கெஷ் கிராமம், சாலா சீமை
புனித மிக்கேல் திருநாள் கழிந்த செவ்வாய்

தம்பி போஷாவுக்கு,

நெஷ்தே எழுதுகிறேன், உன் சித்தப்பா செபானின் மகள். முகம் மறந்திருந்தாலும் இந்த எழுத்து மறந்திருக்காது. கன்னியர் மடத்தில் கற்றுக்கொண்ட அதே கோணல் எழுத்துதான். உன் எழுத்தையும் நான் மறக்கவில்லை. அதைப் பற்றிக் கடைசியில் கேட்கிறேன். முதலிலேயே கேட்டால் நீ கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவாய்.

நீ அங்கே ராஜாவின் ஊரான விஷேக்ராதில் பெரிய இடத்தில் எழுத்தனாக இருக்கிறாய். எனக்கு ஒன்றும் புரியாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் வீம்பை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஆண் பிள்ளை இல்லாமல் ஒருவர் செத்தால் மண் பங்காளிக்குப் போகும், மகளுக்குக் கால் பங்கு, அதுவும் காசாக. இது ஊரறிந்த வழக்கம். நீ உன் பங்கை விட்டுவிட்டு எழுத்து வேலைக்குப் போய்விட்டாய், அதனால் எனக்குப் பங்காளி உன் அண்ணன் உக்ரின்தான். அதனால்தான் அப்பா சாவதற்கு முன்னால் ராஜாவின் காலில் விழுந்து ஒரு பத்திரம் வாங்கினார். அதன்படி நான் அவருடைய மகன். ராஜா எழுதிக் கொடுத்துவிட்டால் மகள் மகனாகிவிடுகிறாள். நானும் தண்ணீர்த் தொட்டியில் குனிந்து குனிந்து பார்த்துவிட்டேன், ஒன்றும் மாறினதாகத் தெரியவில்லை.

போன கோடையில் நாதோர் எங்கள் சீமைக்கு வந்தார். அரசருக்கு அடுத்த பெரியவர் என்றதும் மாளிகையில் உட்காருவார் என்று நினைத்தேன். வயலில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார். சீமையே அங்கே திரண்டிருந்தது. கட்டியக்காரன், "செபானின் மகன் நெஷ்தே!" என்று கூவினான். எழுந்தேன். பின்னாலிருந்து ஒருவன், "மகன் வந்தாச்சு, மீசைதான் இன்னும் வரல" என்றான். "உன் மீசை ரெண்டு பேருக்குக் காணும், பாதியை இப்படிக் குடு" என்றேன். நாதோரே சிரித்துவிட்டார். அறுவடை முடிந்ததும் தீர்ப்புச் சொல்கிறேன் என்று போனார். அறுவடைக்குள் ராஜா நாதோரையே மாற்றிவிட்டார். பழையவரின் முத்திரையை உடைத்துவிட்டார்களாம். போய்க் கேட்டால், "உன் வழக்கு இப்போ யார் கையிலயும் இல்லம்மா" என்கிறார்கள். ஒரு மனிதர் வேலையை விட்டுப் போனால் என் வழக்கு எங்கே போகும்? காற்றிலா தொங்கும்?

இப்போது புதிதாக ஓர் ஓலை வந்திருக்கிறது. புனித மார்ட்டின் திருநாளிலிருந்து எட்டாம் நாள், விஷேக்ராதில், அரசர் முன்னிலையில் நான் நிற்க வேண்டுமாம். போஷா, ராஜா என்னிடம் என்ன கேட்பார்? மண்டியிட வேண்டுமா? விதவைக் கறுப்பு உடுத்தலாமா? இந்த மண் போனால் நானும் என் இரண்டு பெண்களும் உக்ரின் வீட்டுக் கொல்லைப்புறத்தில்தான் போய் நிற்க வேண்டும். எனக்கு இதைவிட்டால் வேறு கூரை கிடையாது.

கடைசிக் கேள்வி. ராஜாவின் பத்திரத்தை எதிர்த்து உக்ரின் ஒரு மனு கொடுத்தான். அதைப் படித்துக் காட்டினார்கள், பிறகு கையில் கொடுத்தார்கள். அது உன் எழுத்து. ஏன்?

நெஷ்தே


விஷேக்ராத்
சகல புனிதர் திருநாளுக்கு முந்தின நாள்

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. உக்ரின் என் உடன்பிறந்த அண்ணன், நான் இந்த அலுவலகத்தில் வேலை செய்பவன். ஆகவே வழக்கைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. வாசலில் நிற்கும் குதிரைக்காரனுக்கும் தெரிந்த விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

அரசர் இருக்க மாட்டார். அவர் அன்று மலையில் மான் வேட்டையில் இருந்தாலும் இருப்பார். 'அரசர் முன்னிலை' என்பது நாட்டு நீதிபதி உட்காரும் இடத்துக்குப் பெயர். 'அரசரின் தனி முன்னிலை' என்று இன்னொன்று உண்டு, அங்கேயும் அரசர் இல்லை, அங்கே அரசரின் முத்திரையை வைத்திருக்கும் சான்சலர் இருப்பார். நான் இங்கே வந்த புதிதில் அரசரைப் பார்க்கலாம் என்று ஒரு வாரம் புதுச்சட்டையோடு திரிந்தேன்.

நாதோர் சீமை சீமையாகப் போவார். எங்கள் பெரியவர், அதாவது நாட்டு நீதிபதி, போர் வந்தால் ஒழிய இந்த மலையடிவாரத்தை விட்டு அசைய மாட்டார். தங்கள் வழக்கு காற்றில் தொங்கவில்லை, இங்கே வந்திருக்கிறது. பெரியவருக்கு வாளும் குதிரையும் தெரியும். சட்டம் தெரிந்தவர் தலைமை எழுத்தர் கெலெமென். பெரியவர் அவர் பக்கம் காதைச் சாய்ப்பார், இவர் முணுமுணுப்பார், பெரியவர் நிமிர்ந்து தீர்ப்புச் சொல்வார். எல்லாரும் பெரியவரின் ஞானத்தைப் புகழ்ந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

தாங்கள் நேரில் வர வேண்டிய கட்டாயமில்லை. தங்கள் சார்பில் பேச ஒருவரை அனுப்பலாம். யாரும் வராவிட்டால் அபராதம். அதில் பெரும் பகுதி நீதிபதிக்கு, மிச்சம் எதிராளிக்கு. அதனால் ஒரு தரப்பு வராத நாள் இங்கே எல்லாருக்குமே நல்ல நாள்.

எழுத்து என்னுடையதுதான். அண்ணன் வந்து கேட்டான், எழுதினேன். நன்றாகவும் எழுதினேன். தாங்கள் கேட்டிருந்தால் தங்களுக்கும் எழுதியிருப்பேன். தாங்கள் கேட்கவில்லை. சித்தப்பா இறந்ததற்கே எனக்குச் சொல்லியனுப்பாதவர்கள் இதற்கா கேட்பீர்கள்? அவரைப் புதைத்து ஒரு மாதம் கழித்து, மீன் விற்க வந்த சாலாக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போஷா, எழுத்தன்


பெர்கெஷ்
புனித மார்ட்டின் திருநாளுக்கு முந்தின ஞாயிறு

மதிப்பிற்குரிய எழுத்தர் சமூகத்துக்கு,

தாங்கள், தங்கள், தங்களுக்கு! நீ ஓடையில் விழுந்தபோது உன்னைத் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினவள் நான். அன்றைக்கு நீ 'தாங்கள் என்னைக் காப்பாற்றினீர்கள்' என்றா சொன்னாய்? மூக்கில் தண்ணீர் ஏறி, என் பாவாடையில் வாந்தி எடுத்தாய். ஒழுங்காக எழுது.

ஆனால் சொல்லியனுப்பவில்லை என்று நீ எழுதியிருந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். அப்பா செத்த அன்றே உனக்குச் சொல்லியனுப்பினேன். உக்ரின் மறுநாள் விஷேக்ராத் பக்கம் போவதாகச் சொன்னான். "போஷாகிட்ட நான் சொல்லிடறேன், நீ தனியா ஆள் அனுப்பாத" என்றான். நீ வரவில்லை. பெரிய இடத்துக்குப் போனதும் சித்தப்பாவை மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். இரண்டு வருடமாக அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

என் சார்பில் பக்கத்து நிலத்துக்காரர் பெகெயை அனுப்புகிறேன். வாய் ஓயாது, ஆனால் நல்ல மனுஷன். அவர் கையில் வாதுமைக்கொட்டை ஒரு பை கொடுத்திருக்கிறேன். லஞ்சம் என்று நினைத்துப் பதறாதே, நம் வாசல் மரத்துக் கொட்டைதான். பயமாக இருந்தால் உக்ரினுக்கும் பாதி கொடுத்துவிடு, இரண்டு பக்கமும் சரியாகிவிடும்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். ராஜா வராத இடத்துக்கு ஏன் ராஜாவின் பெயர்? நாட்டு நீதிபதி தப்பாகத் தீர்ப்புச் சொன்னால் ராஜாவே தப்பாகச் சொன்னதாக ஆகிவிடாதா? ராஜாவுக்குப் பயம் இல்லையா? நீ அங்கேயே இருக்கிறாய், உனக்கு இதெல்லாம் கேட்கத் தோன்றாதா?

உன் அக்கா


விஷேக்ராத்
புனித ஆண்ட்ரூ திருநாள்

அக்கா,

பெகெ வந்து சேர்ந்தார். கொட்டைகளை எழுத்தர்கள் எல்லாரும் சேர்ந்து தின்றோம், கெலெமென் உட்பட. ஆகவே முழு அலுவலகமும் குற்றவாளி.

நான் அண்ணனிடம் கேட்டேன். நேராகவே கேட்டேன். "வழியில ஞாபகமே இல்லடா" என்றான். பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் இதற்கு மேல் எழுதவில்லை.

இனி வழக்கு. எல்லாரும் கேட்க நடந்ததைத்தான் சொல்கிறேன், இதில் ரகசியம் இல்லை.

உக்ரின் அண்ணன் நன்றாகப் பேசினான். இவ்வளவு பேசுவான் என்று எனக்கே தெரியாது. "ஐயா, ராஜா நினைச்சா மகளை மகனாக்கலாம், நான் மறுக்கல. ஆனா தாத்தாவோட மண்ணை சித்தப்பாவோட மண்ணாக்க ராஜாவாலயும் முடியாது. அது குடும்ப மண்ணு. அதை எடுத்துக் குடுக்க சித்தப்பாவுக்கே உரிமை கிடையாது."

பெகெ எழுந்தார். "தாத்தா மண்ணாவது, பாட்டன் மண்ணாவது! செபான் ராஜாவுக்காகச் சண்டைக்குப் போனாருங்க. இடது கை போச்சு. அந்தக் கைக்குக் கிடைச்ச மண்ணுங்க அது. சீமையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க." அங்கே நிறுத்தியிருக்கலாம். தன் குதிரைக்கு வந்த நோயைப் பற்றியும் கொஞ்சம் சொன்னார்.

அந்த மண்ணை ராஜா கொடுத்த கொடைப் பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். தேவாலயம் எரிந்தபோது அதுவும் எரிந்துவிட்டது என்றார். பெரியவர் கெலெமென் பக்கம் சாய்ந்தார். இந்த முறை முணுமுணுப்பு நெடுநேரம் போயிற்று. பிறகு சொன்னார்: நெஷ்தே, தன்னோடு இருபத்துநான்கு பிரபுக்களைச் சேர்த்துக்கொண்டு, அந்த நிலத்திலேயே நின்று, இது செபான் சம்பாதித்த மண் என்று மண்மேல் சத்தியம் செய்ய வேண்டும். ஈஸ்டர் கழிந்த மூன்றாம் வாரம். செய்தால் மண் அவளுக்கு, தவறினால் உக்ரினுக்கு.

அதோடு முடியவில்லை. அண்ணனோடு வந்திருந்த ஒருவர் எழுந்து, "ஐயா, எப்படிச் செய்வாங்க?" என்றார். சபையே திகைத்தது.

மண்மேல் சத்தியம் எப்படி என்று உனக்குத் தெரியும். வெறும் வயிறு, வெறும் கால், இடுப்புக் கச்சை அவிழ்த்துவிட வேண்டும், தலையில் ஒன்றும் இருக்கக் கூடாது. மண்கட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சொல்ல வேண்டும். ஆண்கள் தொப்பியைக் கழற்றினால் போயிற்று. கல்யாணமானவளும் விதவையும் எப்படி நாலு பேர் முன்னால் தலைத்துணியைக் கழற்றுவார்கள்? பெண்கள் தேவாலயத்தில் தலையை மூடிக்கொண்டு பீடத்தைத் தொட்டுச் சத்தியம் செய்வதுதான் வழக்கம். ஆனால் பீடத்தைத் தொட்டால் அது மண்மேல் செய்த சத்தியம் ஆகாது.

அக்கா, இரண்டு நாள் இதே பேச்சு. மற்ற வழக்குகள் எல்லாம் வாசலில் காத்துக் கிடந்தன. எழுத்தர்கள் பீர் பந்தயம் கட்டினார்கள். பழைய தீர்ப்புகளைத் தேடினோம், இப்படி ஒன்று வந்ததே இல்லை. ராஜா மகனாக்கின பெண்கள் நாட்டில் மொத்தமே கொஞ்சம்பேர், அவர்களில் யாரும் இதுவரை மண்மேல் நிற்கவில்லை. கடைசியில் கெலெமென் எரிச்சலோடு சொன்னார்: "பங்கு வாங்கும்போது மகன், சத்தியம் பண்ணும்போது மகளா? ரெண்டுக்கும் ஒரே ஆள்தான்யா வரணும்." பெரியவர் அதையே கொஞ்சம் கம்பீரமாகச் சொன்னார்.

ஆக, மகனைப் போல. வெறும் தலையோடு.

ராஜாவின் பெயரைப் பற்றிக் கேட்டாய். நான் கெலெமெனிடம் கேட்டேன். "ராஜா இருந்தா எல்லாரும் ராஜா முகத்தைப் பார்த்துப் பேசுவாங்க. இல்லாததனாலதான் வழக்கைப் பத்திப் பேசறாங்க" என்றார். அவர் சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்தது.

போஷா


பெர்கெஷ்
சாம்பல் புதனுக்கு மறுநாள்

தம்பி,

என் தலைத்துணியைக் கழற்றச் சொன்னது யார்? ராஜாவா, பெரியவரா, கெலெமெனா? யாரைத் திட்டுவது என்று தெரிந்தால் ஒழுங்காகத் திட்டலாம். ராஜாவைத் திட்டினால் கழுத்துப் போய்விடும், பெரியவருக்கு ஒன்றும் தெரியாது என்று நீயே சொல்லிவிட்டாய். கெலெமெனையே திட்டிக்கொள்கிறேன். கொட்டையைத் தின்றுவிட்டு இப்படியா சொல்வார்?

என் புருஷன் செத்த பிறகு என் தலையை என் பெண்களைத் தவிர யாரும் பார்த்ததில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: சத்தியத்தைவிட அதுதான் எனக்குப் பயம்.

சரி, அது கிடக்கட்டும். வீடு வீடாகப் போய் இருபத்துநான்கு பேரைத் தேடுகிறேன். போஷா, இது பெண் தேடுவதைவிடக் கஷ்டம். எல்லாரும் உட்காரச் சொல்கிறார்கள், ஒயின் ஊற்றுகிறார்கள், அப்பாவைப் புகழ்கிறார்கள். 'கூட வருவீங்களா' என்று கேட்டதும் முதுகு பிடித்துக்கொண்டது என்கிறார்கள். மண்ணைத் தலைக்கு மேல் தூக்கிப் பொய் சொன்னால் அடுத்த அறுப்புக்குள் அந்த மண் தலையை மூடிவிடும் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். உங்கள் அபராதத்துக்குப் பயப்படாதவன்கூட இதற்குப் பயப்படுகிறான். கிழவர் தொம்பா மட்டும் நேராகக் கேட்டார்: "வரேன். ஆனா உனக்கு நிச்சயமாத் தெரியுமா, பொண்ணே? முழுசும் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்த 'முழுசும்'தான் என்னைவிட்டுப் போகவில்லை.

ஓடைக்கு இந்தப்பக்கம் எனக்குத் தெரியும். ஒற்றைக் கையால் ஏர் பிடித்துக்கொண்டு அப்பா சொல்வார், "இது என் கை போனதுக்கு வந்த மண்ணு" என்று. வரப்பு வரப்பாகச் சொல்வார், கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிடும். ஆனால் ஓடையைத் தாண்டினால் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. அந்த வயலில் பேசாமல் உழுவார். நான் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. எதையெடுத்தாலும் கேட்கிறவள், அதை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன். பழைய உழவர்களைப் போய் விசாரித்தேன். ஒருவன் தாத்தா காலத்து வயல் என்கிறான், ஒருவன் இல்லை என்கிறான், ஒருவன் நான் எதைச் சொன்னால் எனக்குப் பிடிக்குமோ அதைச் சொல்கிறான்.

நல்ல வயல் அது. நம்மிடம் இருப்பதில் அதுதான் நல்ல வயல்.

பாதிக்கு மட்டும் சத்தியம் செய்யலாமா? கெலெமெனிடம் கேட்டுச் சொல். என் பெயரைச் சொல்லாமல் கேள், இல்லாவிட்டால் மறுபடியும் பீர் பந்தயம் கட்டுவார்கள்.

நெஷ்தே


விஷேக்ராத்
குருத்தோலை ஞாயிறு கழிந்த திங்கள்

அக்கா,

பெயரைச் சொல்லாமல்தான் கேட்டேன். "உங்க அக்காவா?" என்றார்.

பதில் இது. எந்த இடம் தெரியாதோ அதை நீ உன் வாயால் விட்டுவிட்டு, மிச்சத்துக்குச் சத்தியம் செய்யலாம். விட்டது அப்போதே உக்ரினுக்குப் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. நல்ல வயல் என்று நீயே எழுதியிருக்கிறாய், யோசித்துக்கொள்.

இன்னொன்று இருக்கிறது. இதை நான் சொல்லக் கூடாது, ஆனால் குதிரைக்காரனுக்கும் தெரியும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். இங்கே பத்துச் சத்தியம் விதித்தால் பாதிக்குமேல் நடப்பதே இல்லை. எல்லாரும் வெறுங்காலோடு வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் எதிராளி, 'போதும், சத்தியத்தை விட்டுக்கொடுத்தேன்' என்பான். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. யாருக்கும் மண்ணைத் தூக்க மனமில்லை, தூக்குகிறவர்களைப் பார்க்கவும் மனமில்லை.

அண்ணன் அப்படி வழக்கையே விட்டுக்கொடுத்தால் எல்லாம் உனக்கு, ஓடைக்கு அப்பால் உள்ளதும் சேர்த்து. ஆனால் அதற்குச் சமாதானம் என்றுதான் பெயர், தீர்ப்பு என்று பெயரில்லை. நாளைக்கு உக்ரினின் மகன்கள் வளர்ந்து, 'எங்களைக் கேக்காம அப்பா எப்படிக் குடுத்தாரு?' என்று உன் பெண்களின் வாசலில் வந்து நிற்கலாம். நீ சத்தியம் செய்துவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது.

தம்பியாகச் சொல்கிறேன். விட்டுக்கொடுத்தால் வாங்கிக்கொள். தலையை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போ. உக்ரினின் மகன்கள் இன்னும் மரக்குதிரை ஓட்டுகிறார்கள்.

நான் அன்று அங்கே வர முடியாது. வரக் கூடாது. பேராலயக் குருக்கள் சபையிலிருந்து ஒரு சாமியாரும் அரசரின் ஆள் ஒருவரும் சாட்சிக்கு வருவார்கள். அவர்கள் எழுதி அனுப்புவதை வைத்துத்தான் இங்கே தீர்ப்பு எழுதப்படும்.

போஷா


பெர்கெஷ்
ஈஸ்டர் கழிந்த மூன்றாம் வாரம், வெள்ளி

போஷா,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து இன்னும் கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

இருபத்துநான்கு பேரும் வந்தார்கள். ஓடைக்கு அப்பால் உள்ளதைச் சேர்க்கப்போவதில்லை என்று சொன்னதும் முதுகு வலி எல்லாருக்கும் சரியாகிவிட்டது. கிழவர் தொம்பா செருப்பைக் கழற்றவே மிகவும் கஷ்டப்பட்டார், நான்தான் குனிந்து கழற்றிவிட்டேன். எல்லாரும் எனக்குப் பின்னால் வரிசையாக, கச்சை இல்லாமல், அங்கியைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

உக்ரின் எதிரே நின்றான். அப்பா அடக்கத்துக்குப் பிறகு அவனை இவ்வளவு பக்கத்தில் பார்க்கவில்லை. அவனும் என்னைப் பார்க்கவில்லை, என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாமியார் என்னிடம் வந்து மெதுவாக, "துணியை எடுத்துடும்மா, எல்லாரும் பாத்துட்டிருக்காங்க" என்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பதுதானே கஷ்டமே! எடுத்தேன். காற்று அடித்தது. முடி முகத்தில் வந்து விழுந்தது. ஓடைக்கு அப்பால் உள்ள வயல் யாருடையது என்று எனக்குத் தெரியாது, அதை நான் கேட்கவில்லை என்று முதலில் உரக்கச் சொன்னேன். பிறகு குனிந்து மண்ணை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினேன். முந்தின நாள் மழை, மண் ஈரம். கழுத்தில் வழிந்தது.

அப்போது உக்ரின் கத்தினான். "போதும்! விட்டுக்கொடுத்தேன்! எல்லாத்தையும் விட்டுக்கொடுத்தேன், அந்தப்பக்கத்தையும் சேத்து! மண்ணை எறக்கு, நெஷ்தே! தலையை மூடு!"

பின்னால் எல்லாரும் மூச்சு விட்டார்கள். பெகெ, "ஆகட்டும், ஆகட்டும்" என்றார். சாமியார் கையை உயர்த்தினார்.

நீ சொன்னது ஞாபகம் வந்தது. முழு மண்ணும் கிடைக்கிறது, வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். எனக்கும் கையை இறக்கத்தான் ஆசை. ஆனால் போஷா, கேள். அவன் எனக்குக் கொடுத்தான் என்றால் அது அவனுடையதாக இருந்தது என்று ஆகிவிடும். அப்பாவின் கைக்கு அவன் விலை போட்ட மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு திருநாளுக்கும் என் பெண்கள் அவன் வாசலில் போய் நன்றி சொல்ல வேண்டும். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது, வேறு ஒன்றும் யோசிக்கவில்லை.

முழுச் சத்தியத்தையும் சொன்னேன், கடைசி வார்த்தை வரைக்கும். பின்னால் தொம்பா சொன்னார், பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். உக்ரின் திரும்பி நடந்துவிட்டான்.

இப்போது சாமியாருக்கும் அரசரின் ஆளுக்கும் சண்டை. ஒருவர், "விட்டுக்குடுத்த சத்தியம் சத்தியமே இல்ல" என்கிறார். இன்னொருவர், "என் காதால கேட்டேனே, அது பின்ன என்ன?" என்கிறார். கடைசியில் இரண்டையும் எழுதி அனுப்புகிறார்கள். நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று.

விட்டுக்கொடுத்ததாக எழுதினால் முழு மண்ணும் உண்டு, நல்ல வயலும் உண்டு. சத்தியம் என்று எழுதினால் பாதிதான். பெரியவர் எப்படிச் சொல்வார் என்று நீ முன்கூட்டியே கேட்காதே, யாரிடமும் எனக்காகப் பேசாதே. ஆனால் நடந்ததை மாற்றி எழுத மட்டும் விடாதே. எனக்குப் பாதி போதும்.

உன் அக்கா


விஷேக்ராத்
பெந்தகோஸ்தே திருநாள் கழிந்த புதன்

அக்கா,

உன்னைத் தலையை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னேன். நீ கேட்கவில்லை. இப்போது சந்தோஷப்படுகிறேன், ஆனால் அன்று உன் கடிதத்தைப் படித்தபோது மேசையை உதைத்தேன், மைக்கூடு கவிழ்ந்துவிட்டது. அதற்கு கெலெமென் திட்டினார்.

இரண்டு அறிக்கையும் வந்தன. கெலெமென் இரண்டு தடவை படித்துவிட்டுத் தாடையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி விட்டுக்குடுத்திருந்தா, அது சமாதானம். திறந்த பிறகுன்னா விட்டுக்குடுக்க ஒண்ணுமில்ல, சத்தியம் நடந்துடுச்சு. அந்தம்மா ஆரம்பிச்சுட்டாங்களா, இல்லையா? அதுதான்யா கேள்வி." இரண்டு அறிக்கையிலும் அது இல்லை. சாமியார் காற்று அடித்ததால் கேட்கவில்லை என்று எழுதியிருந்தார். அரசரின் ஆள் பின்னால் நின்றிருக்கிறார், உன் முகம் அவருக்குத் தெரியவில்லை. பெகெயை வரவழைத்தார்கள். அவர் நெடுநேரம் பேசினார், ஆனால் அந்த நேரத்தில் கச்சை இல்லாத அங்கி நழுவுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நீ இங்கே இல்லை, அன்று உன் முகத்துக்கு நேரே நின்றவன் ஒருவன்தான். பெரியவர் அவனைக் கூப்பிட்டார். இந்த முறை கெலெமென் பக்கம் சாயவில்லை, தானாகவே கேட்டார்: "உக்ரின், உன் ஆத்மா மேல ஆணையா சொல்லு. நீ கத்தினப்போ அவ வாய் திறந்திருந்துதா?"

அண்ணன் சபைக்கு வருவதற்கு முன்னால் என்னிடம் வந்து, "விட்டுக்குடுத்தேன்னு எழுதுடா, அந்த வயலும் போனாப் போகட்டும்" என்று சொல்லியிருந்தான். தங்கையை வெறுந்தலையோடு நிற்கவைத்தவன் என்று சீமை முழுக்கப் பேசுகிறார்களாம், அதுதான் அவனைத் தின்றுகொண்டிருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் பெரிய மனதுக்காரன், அவன் மகன்களுக்கும் ஒரு வழி திறந்திருக்கும். மறுக்க அங்கே யாரும் கிடையாது.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னான்:

"ஆரம்பிச்சுட்டா ஐயா. அவ அப்பா பேரைச் சொல்லிட்டா. அதுக்கப்புறந்தான் நான் கத்தினேன்."

"அப்ப ஏன்யா கத்தினே?" என்று பெரியவர் கேட்டார். இது தீர்ப்புக்குத் தேவையில்லாத கேள்வி, எழுதவும் மாட்டார்கள். தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டுவிட்டார்.

அண்ணன் சொன்னான்: "அவ தலை முழுக்க நரைச்சிருந்துது, ஐயா. எனக்குத் தெரியாது. என்னைவிடச் சின்னவ. எப்ப நரைச்சுதுன்னே எனக்குத் தெரியாது."

பெரியவர் தீர்ப்பை எழுதிக்கொள்ளச் சொன்னார். நான் எழுதினேன், என் கையாலேயே எழுதினேன்: செபானின் மகன் நெஷ்தே, ஓடைக்கு இந்தப்பக்கம் உள்ள மண் முழுவதற்கும் சத்தியம் செய்து நிரூபித்ததால், அது அவருக்கும் அவர் வழிவருபவர்களுக்கும் என்றென்றைக்கும். முத்திரை வைத்தாயிற்று. ஓடைக்கு அந்தப்பக்கம் உக்ரினுக்கு.

அண்ணன் இன்னும் கிளம்பவில்லை, வாசலில் நிற்கிறான். அவன் ஒன்று எழுதச் சொல்கிறான். அந்தப்பக்கத்து வயல் எதுவரைக்கும் என்று அவனுக்குத் தெரியாதாம், ஒருநாளும் அதில் இறங்கியதில்லையாம். நீ வந்து எல்லை காட்டுவாயா என்று கேட்கிறான்.

போஷா